அம்மா போட்ட மதிப்பெண்ணை யார் நம்புவார்கள்?

கேள்வி:

மேடம், வணக்கம். டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கும் மகனுக்கும் அவரைச் சார்ந்த எச்-4. கொரோனாவில் பள்ளி முழுவதும் திரைக்குள் போனபோது மகன் ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படிக்க வைத்தோம். ஒரு வருடம் பார்ப்போம் என்று தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது பத்தாம் வகுப்பு முடியப் போகிறது.

நான் மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவள். கணக்கும் அறிவியலும் நானே சொல்லிக் கொடுக்கிறேன். ஆங்கிலத்துக்கு ஆன்லைன் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. மீதி நேரமெல்லாம், தூரத்தில் இருப்பவர்களோடு பேசும் ஹாம் ரேடியோவைக் கட்டிக்கொண்டுதான் கிடப்பான். ஹாம் லைசென்ஸ்கூட வாங்கிவிட்டான். அதைக் குறைக்கச் சொல்லித்தான் தினமும் சண்டை.

அவனுக்கு எம்.ஐ.டி. மேல் கண். கணவர், ஆஸ்டின் யு.டி. (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) கிடைத்தாலே போதும் என்கிறார். ஊரில் மாமியார், ‘பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு எந்தக் காலேஜில் இடம் கொடுப்பான்?’ என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறார். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். மார்க்கை நானே போட்டு, நானே கையெழுத்தும் போட்டால் யார் நம்புவார்கள்? பேசாமல் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் சேர்த்துவிடலாமா? சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்குவது? உங்களுக்கு எழுதுவது அவனுக்குத் தெரியாது.

- ஓர் அம்மா, ஃபிரிஸ்கோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். கொடுப்பார்கள். எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு எல்லாமே வீட்டில் படித்த பிள்ளைகளைப் பல வருடங்களாகச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. டெக்சாஸில் வீட்டில் வைத்துப் படிப்பிப்பது சட்டப்படி ஒரு தனியார் பள்ளி நடத்துவதற்குச் சமம். லீப்பர் வழக்கில் 1994-இல் மாநில உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்துவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனுக்கான பாடம் ஆகிய ஐந்தும் உண்மையான ஒரு பாடத்திட்டத்தில் இருந்தால் போதும். அரசிடம் பதிவு இல்லை, அரசுத் தேர்வு இல்லை, யாரும் வந்து எட்டிப் பார்ப்பதும் இல்லை.

அந்தச் சுதந்திரம்தான் இப்போது உங்களுக்குத் தலைவலி. நியூயார்க்கில் இருந்திருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை கல்வி மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பியிருப்பீர்கள். பென்சில்வேனியாவில் வருடா வருடம் வெளியாள் ஒருவர் பிள்ளையின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். அங்குள்ள அம்மாக்கள் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரும்போது அவர்கள் கையில் வேறு யாரோ கையெழுத்திட்ட காகிதம் ஒரு கட்டு இருக்கும். டெக்சாஸ் அம்மாவிடம் இருப்பது அம்மா எழுதியது மட்டும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அட்மிஷன் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பழமொழி தெரியாது. ஆனால் உங்கள் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், வரிசையாக ஏ, ஏ, ஏ என்று பார்க்கும்போது அவர் மனதில் ஓடுவது அதுதான். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அவர் நினைக்கமாட்டார். அந்த ஏ-வை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றிலிருந்து நாற்பது விண்ணப்பம் வந்தால், அந்தப் பள்ளியின் ஏ எத்தனை கனம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கும். உங்கள் பள்ளியில் ஒரே ஒரு மாணவன். முதல் மாணவனும் அவனே, கடைசி மாணவனும் அவனே. ஆகவே விண்ணப்பிக்கும் நாள்வரை இருக்கிற ஒன்றரை வருடத்தில் உங்கள் வேலை, உங்களுக்குச் சொந்தமோ பந்தமோ இல்லாத நாலு பேர் அவனைப் பற்றி எழுத்தில் சொல்லும்படி செய்வது. அது பேராசிரியராக இருக்கலாம், தேர்வு நடத்துபவராக இருக்கலாம், மனிதரே இல்லாமல் ஒரு மதிப்பெண்ணாகக்கூட இருக்கலாம்.

அந்த நாலு பேரில் ஒருவர் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் இருக்கிறார். நீங்கள்தான் தினமும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ரேடியோவைச் சொல்கிறேன். ‘ஹாம் லைசென்ஸ்கூட வாங்கிவிட்டான்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் வேறு எதையும்விட அந்த வரிதான் கண்ணில் பட்டது. எந்த லைசென்ஸ் என்று நீங்கள் எழுதவில்லை. அதில் மூன்று படிகள் உண்டு: டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. முதல் இரண்டுக்கும் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. எக்ஸ்ட்ராவுக்கு 50 கேள்விகள், 37 சரியாக வேண்டும். மின்சுற்று, ஆன்டெனா, அலைகள் பரவும் விதம், விதிமுறைகள் என்று எல்லாம் வரும். தேர்வு நடத்துகிறவர்கள் முன்பின் தெரியாத தன்னார்வலர்கள். லைசென்ஸ் தருவது எஃப்.சி.சி. என்கிற மத்திய அரசு ஆணையம். அவனுடைய கால்சைனை, அதாவது ரேடியோ அடையாளக் குறியைத் தேடினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். அம்மா போடாத மார்க் என்றால் இதுதான்.

இப்போது டெக்னீஷியனில் இருந்தால் கோடையில் ஜெனரல் எழுதட்டும், அடுத்த வருடத்துக்குள் எக்ஸ்ட்ரா. அப்புறம் அதை ‘பொழுதுபோக்கு’ என்ற கட்டத்துக்குள் மட்டும் அடைக்காதீர்கள். மின்னணுவியல் அறிமுகம் என்று டிரான்ஸ்கிரிப்டில் ஒரு பாடமாகவே போடலாம். என்ன புத்தகம் படித்தான், எந்தெந்தச் சுற்றைக் கையால் கட்டினான், முடிவில் எந்தத் தேர்வில் தேறினான் என்று நாலு வரியில் எழுதிவிட முடியும்.

உங்கள் பக்கம் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. வசந்த காலத்தில் டொர்னேடோ எச்சரிக்கை ஒலிக்காத வாரம் உண்டா அங்கே? தேசிய வானிலைச் சேவை ஸ்கைவார்ன் என்ற திட்டத்தில், புயல் மேகத்தைப் பார்த்து அடையாளம் கண்டு தகவல் சொல்லப் பொதுமக்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது. போன் கோபுரம் சாய்ந்துவிட்டாலும் பேச முடியும் என்பதால் ஹாம் ரேடியோக்காரர்களுக்கு அதில் பெரிய பங்கு. ஃபோர்ட் வொர்த் வானிலை அலுவலகம்தான் உங்கள் பகுதிக்குப் பொறுப்பு. அவன் புயலைத் துரத்திக்கொண்டு காரில் போக வேண்டாம். பக்கத்து ஊர் ரேடியோ கிளப்பில் சேர்ந்து, கூட்டங்களுக்குப் போய், புயல் நாட்களில் செய்தி வாங்கிக் குறித்துக் கொடுக்கப் பழகினால் போதும். இந்த கிளப்புகளில் அறுபது எழுபது வயதுக்காரர்கள் அதிகம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஒழுங்காக வந்து போனால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒன்றரை வருடம் அவனைப் பார்த்த ஒரு பெரியவர், ‘இவன் எங்கள் ஆன்டெனாவை இப்படிச் சரி செய்தான்’ என்று சாதாரண ஆங்கிலத்தில் எழுதும் ஒரு பக்கத்துக்கு, பிரபலமான பிரமுகர் யாரோ எழுதித் தரும் லெட்டர்பேடு கடிதத்தைவிட மதிப்பு அதிகம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அது ஆசிரியர் கடிதத்தோடு கூடுதலாகப் போகும் கடிதம், அதற்கு மாற்று அல்ல.

ஆர்வக்கோளாறில் இதை வைத்து லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கிவிடாதீர்கள். நம்மவர்கள் நிறைய இருக்கும் ஊர்களில் இப்போது வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அதன் இணையதளமும் காலாவதியாகிவிடும். விண்ணப்பம் படிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

‘பையனை ஒரு கடையில் பகுதிநேர வேலைக்கு அனுப்புங்கள், காலேஜ்காரர்களுக்குப் பிடிக்கும்’ என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நல்ல யோசனைதான். உங்கள் மகன் எச்-4. சம்பள வேலைக்கு அவனுக்கு அனுமதி இல்லை. எச்-4-இல் சிலருக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை கணவன் மனைவிக்கானது, பிள்ளைகளுக்குக் கிடையாது. தெரிந்தவர் வீட்டு ரேடியோவைப் பழுது பார்த்துக் கொடுக்கலாம், காசு வாங்கக் கூடாது.

சரி, படிப்புக்கு வருவோம். ஒரு காலத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி.யின் பாடவாரித் தேர்வுகள் கைத்தடியாக இருந்தன. வேதியியலில் 780 என்று ஒரு எண் இருந்தால் அம்மாவின் ஏ-வைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். 2021-இல் அந்தத் தேர்வுகளையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் முதலில் சொல்வது கம்யூனிட்டி காலேஜ் என்கிற உள்ளூர்க் கல்லூரிதான். உங்களுக்கு காலின் காலேஜ் ஃபிரிஸ்கோவிலேயே இருக்கிறது. ஒரே பாடம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கணக்காகிற டூயல் கிரெடிட்டில் வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பள்ளி அதிகாரி கையெழுத்துப் போடும் இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். டி.எஸ்.ஐ. என்ற தகுதித் தேர்வையும் எழுத வேண்டியிருக்கும், எஸ்.ஏ.டி.யில் போதிய மதிப்பெண் இருந்தால் விலக்கு உண்டு.

என்ன பாடம்? உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: வேதியியல். நீங்கள் எம்.எஸ்சி. படித்தவர், அந்தப் பேராசிரியரைவிட நன்றாகவே சொல்லிக் கொடுப்பீர்களாக இருக்கும். ஆனால் அடுப்படி மேடையில் செய்த சோதனையை லேப் என்று எழுதுவதைவிட, ஆய்வகத்தோடு கூடிய கல்லூரி வேதியியலில் அவன் வாங்கும் பி-பிளஸ்கூட உங்கள் ஏ-க்கு உயிர் கொடுக்கும். வீட்டில் நீங்கள் கற்றுக் கொடுத்தது வீண் போகாது, அது அங்கே போய் மார்க்காக மாறும். இரண்டாவதாக இங்கிலீஷ் 1301, அதாவது முதலாண்டு கட்டுரைப் பாடம். இதற்குக் காரணம் கடைசியில் வரும் கடிதங்கள். எம்.ஐ.டி. இரண்டு ஆசிரியர் கடிதம் கேட்கும்: ஒன்று கணக்கு அல்லது அறிவியல், மற்றது மொழி, வரலாறு போன்ற கலைத்துறைப் பாடம். பெற்றோர் எழுதும் ஆசிரியர் கடிதத்தைப் பொதுவாக எங்கும் ஏற்பதில்லை. கணக்கும் அறிவியலும் உங்களிடம், ஆங்கிலம் முகம் தெரியாத ஆன்லைனில் என்றால், கடிதம் எழுத ஆள் எங்கிருந்து வருவார்? வகுப்பில் இருபது இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். நேரில் போகிற வகுப்பாக எடுக்கச் சொல்லுங்கள். ஆபீஸ் நேரத்தில் போய்ச் சந்தேகம் கேட்கிற பையனை வாத்தியார்கள் மறப்பதில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெயர்தான் டூயல் கிரெடிட், ஆனால் அது நிஜக் கல்லூரி மார்க். பதினாறு வயதில் வாங்கிய சி, பிற்காலத்தில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும் கூடவே வரும். ஒரே பருவத்தில் நாலு பாடத்தைத் தலையில் ஏற்றாதீர்கள். இந்தக் கோடையில் ஒன்று, அடுத்த பருவத்தில் இரண்டு, போதும். இன்னொன்று, இப்படிச் சேர்த்த கிரெடிட்டுகளை டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளும். கெடுபிடியான தனியார் கல்லூரிகள் பல, ‘நல்லது, மறுபடியும் முதலிலிருந்து படி’ என்றுதான் சொல்லும். ஆகவே ஒரு வருடக் கட்டணம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு இறங்காதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகளான ஏ.பி. தேர்வுகள் மே மாதத்தில். தேர்வு எழுத அந்த வகுப்பில் உட்கார வேண்டிய அவசியமில்லை. ஆனால் தேர்வு நடக்கும் பள்ளி ஒன்று வெளி மாணவனைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும், அந்தக் கட்டாயம் பள்ளிகளுக்கு இல்லை. நவம்பர் நடுவில் வினாத்தாள்களுக்கு ஆர்டர் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஏப்ரலில் போன் செய்து அழுத அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். கால்குலஸ் பிசி, பிசிக்ஸ் சி இரண்டும் உங்கள் மகனுக்குப் பொருந்தும். இன்னொரு விஷயம்: ஏ.பி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு பாடத்திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தராமல் டிரான்ஸ்கிரிப்டில் ‘ஏ.பி. கால்குலஸ்’ என்று எழுதக் கூடாது. அந்தப் பெயர் அவர்களுக்குச் சொந்தம். ஒப்புதல் வாங்க நீங்களே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் வெறும் ‘கால்குலஸ்’ என்று போட்டு, பக்கத்தில் ஏ.பி. தேர்வு மதிப்பெண்ணைக் குறியுங்கள்.

எஸ்.ஏ.டி. பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நேரடியாகப் பதிவு செய்து எழுதலாம். இப்போது கணினியில் இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கொரோனாவில் பல கல்லூரிகள் இதற்கு விலக்குக் கொடுத்திருந்தன; எம்.ஐ.டி. 2022-இல் மறுபடியும் கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, ஆஸ்டின் யு.டி. என்று வரிசையாகத் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு உங்களைப் போன்ற குடும்பங்களை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் படித்த பையனுக்கு இது வரம். இதைப் பார்க்கவே மாட்டோம் என்று சொல்லும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள்தான் அவனுக்குக் கடினம்.

இனி உங்கள் பங்கு. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில், பள்ளி கவுன்சிலர் என்ற இடத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள். எம்.ஐ.டி.க்குத் தனி விண்ணப்பம், ஆனால் அங்கேயும் அந்த வேலை உங்களுடையதுதான். டிரான்ஸ்கிரிப்ட், பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, கவுன்சிலர் கடிதம், வருட நடுவிலும் கடைசியிலும் மதிப்பெண் அறிக்கை எல்லாம் நீங்களே அனுப்ப வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் ஒரே பக்கம்: பாடம், வருடம், கிரெடிட், மதிப்பெண், யார் கற்பித்தார், மதிப்பெண் அளவுகோல், உங்கள் கையெழுத்து. வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், ஒன்றில் ஒன்று என்று எழுதி அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டாம். பள்ளிக்குப் பெயர் வைக்கலாம், ‘இன்டர்நேஷனல் அகாடமி’ வேண்டாம். கூடவே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சின்னப் பத்தி: எந்தப் புத்தகம், எப்படி நடந்தது, எதை வைத்து மார்க் போட்டீர்கள். பத்துப் பக்கத்துக்குள் முடியுங்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்தை நாற்பது பக்கம் எழுத வைத்தேன். அவர்கள் இரண்டு மாதம் ராத்திரி கண் விழித்து எழுதினார்கள். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு விண்ணப்பத்தைச் சில நிமிடங்களில் படித்து முடிக்கிறவர் அதில் எத்தனை பக்கம் புரட்டியிருப்பார்?

ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே உட்காருங்கள். புத்தகப் பெயர்கள்தான் முதலில் மறந்துபோகும்.

கவுன்சிலர் கடிதம்தான் அம்மாக்கள் தடுமாறுகிற இடம். ‘என் மகன் கடின உழைப்பாளி, அறிவாளி, எல்லாரிடமும் அன்பாகப் பழகுவான்’ என்று ஜாதகம் கொடுக்கும்போது எழுதுகிற மாதிரி எழுதிவிடுவார்கள். அவனைப் புகழும் வேலையைப் பேராசிரியர்களுக்கும் ரேடியோ தாத்தாவுக்கும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்ததை நீங்கள் எழுதுங்கள். ஏன் வீட்டுக்கு வந்தீர்கள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் எப்படிப் போகும், எந்தப் பாடத்தை நீங்கள் கைவிட்டு வெளியே ஆள் தேடினீர்கள், அவன் எதில் தோற்றான், தோற்றபின் என்ன செய்தான். ரேடியோவுக்காகத் தினமும் சண்டை என்று எனக்கு எழுதினீர்களே, அதையே எழுதலாம். எந்த வேளையில் எது உடைந்து, சாப்பாட்டு மேசை முழுக்க எத்தனை நாள் ஒயரும் ஈயமுமாகக் கிடந்தது என்று ஓர் அம்மாதான் எழுத முடியும். வீட்டில் படித்த கதையை நீங்கள் சொல்லிவிட்டால், அவன் தன்னுடைய 650 வார்த்தைக் கட்டுரையை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்லி இடத்தை வீணாக்க வேண்டாம்.

தமிழ்ப் பள்ளியையும் கணக்கில் எடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு மூன்று வருடம் வேற்று மொழி எதிர்பார்க்கின்றன. எழுதவும் பேசவும் தெரிவதை அளக்கும் ஸ்டாம்ப் தேர்வில் தமிழும் இருக்கிறது. அந்த மதிப்பெண்ணோடு தமிழைப் பாடமாகவே போடுங்கள்.

பள்ளியில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். அவன் ஆசைப்பட்டால் சேருங்கள், மார்க்குக்காக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒன்பது, பத்தில் வீட்டில் படித்ததற்குப் பள்ளி மாவட்டம் அப்படியே கிரெடிட் கொடுக்காது, பல பாடங்களுக்குத் தேர்வு எழுதச் சொல்லலாம். இரண்டு வருடத்தில் அவனை அறிந்த ஆசிரியர் என்று யாரும் உருவாகும் முன்பே விண்ணப்பக் காலம் வந்துவிடும். ரேடியோவுக்கு இருந்த நேரமும் போய்விடும்.

உங்கள் கணவர் யு.டி. போதும் என்கிறாரே, அதில் அந்த ‘போதும்’ சரியில்லை. டெக்சாஸ் பள்ளிகளில் முதல் சில சதவீதத்தில் வருபவர்களுக்குத் தானாக இடம் கொடுக்கும் சட்டம் 1997-இல் வந்தது. ஆஸ்டினில் அது ஆறு சதவீதமாக இருந்து, 2026 சேர்க்கையிலிருந்து ஐந்தாகக் குறைந்துவிட்டது. பள்ளித் தரவரிசை இல்லாத உங்கள் மகன் அந்த வழியை நம்பித் திட்டம் போட முடியாது. அந்த வழியில் வருபவர்களுக்கே பொறியியல் துறை உறுதியில்லை. வீட்டில் படித்ததற்காக அரசுப் பல்கலைக்கழகம் பாகுபாடு காட்டக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது, அது வரைக்கும் நல்லது. எச்-4-ஆக இருந்தாலும் டெக்சாஸில் நிலையாகக் குடியிருப்பதைக் காட்டினால் மாநில மாணவர் கட்டணத்துக்கு வழி உண்டு. ஆகவே யு.டி.யையும் எட்டாத கிளையாகவே வைத்து, கைக்கு எட்டுகிற கிளைகளாக யு.டி. டாலஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம் போன்றவற்றைச் சேருங்கள்.

எம்.ஐ.டி.யில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. கிரீன் கார்டு இல்லாததால் அவனை வெளிநாட்டு மாணவர்களோடு சேர்த்துப் பார்ப்பார்கள், அந்த வரிசை இன்னும் நெருக்கடி. ஒரு நல்ல விஷயம், பணம் கேட்பதால் அங்கே வாய்ப்புக் குறையாது. வெளிநாட்டவர் உட்பட எல்லாரையும் வசதி பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் முழு உதவியும் தருகிறார்கள். இப்படிச் செய்யும் கல்லூரிகள் கைவிரல் கணக்குதான். மற்ற இடங்களில் உதவி கேட்டால் எச்-4 பையனுக்குக் கதவு கொஞ்சம் சாத்தப்படும். மத்திய அரசு உதவித்தொகையும் அவனுக்கு இல்லை. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால், படிப்பின் நடுவே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறுவது பற்றியும் இப்போதே ஒரு வக்கீலிடம் பேசி வையுங்கள்.

கடைசியாக, அவனுக்குத் தெரியாமல் எழுதியதாகச் சொன்னீர்கள். தெரியாமல் நீண்ட நாள் நடத்த முடியாது. காமன் ஆப்பில் கடிதம் கேட்டு ஆசிரியர்களுக்கு அழைப்பு அவன் கணக்கிலிருந்துதான் போகும். கவுன்சிலராக உங்களைச் சேர்க்கும் அழைப்பும் அவன் அனுப்பித்தான் உங்களுக்கு வரும். அதற்கென்று உங்களுக்குத் தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து வையுங்கள். காலின் காலேஜ் பேராசிரியரிடம் கடிதம் கேட்பதும் அவன் வேலைதான். ஆகஸ்ட் கடைசியில் ஏ.பி. தேர்வுக்காகப் பள்ளிகளுக்குப் போன் செய்ய வேண்டுமே, அதையும் அவனே செய்யட்டும். ரேடியோவில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற பையன், கூச்சப்பட மாட்டான். முதல் பள்ளி மறுத்தால் அடுத்த எண்ணைக் கொடுங்கள். ஏழெட்டுப் பள்ளிகளின் எண்களை எழுதி வையுங்கள், தனியார் பள்ளிகளையும் சேர்த்து.